ஒரே படம், ஆளுக்கொரு பாதை: ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் டிரைவ் எழுத்துகளை எப்படி ஒழுங்குபடுத்துவது?

காலண்டர்காரன் (சிவகாசி)

எல்லாருக்கும் வணக்கம். காலண்டர் டிசைன் போடுற ஆபீஸ் நம்மளது. அச்சடிக்கிறது வேற இடம். லே-அவுட், கலர் கரெக்ஷன், பிளேட்டுக்குப் போற பிடிஎஃப் வரைக்கும் நம்ம பொறுப்பு. டிசைனுக்கு ஆறு சிஸ்டம், பில் போட ஒண்ணு, எல்லாம் விண்டோஸ். இப்போ கலர் பார்க்க ஒரு தம்பி புதுசா வந்திருக்காப்ல. அவரோட ஒரு ஐமேக்கும் வந்து உக்காந்திருச்சு.

தொழில் தெரியாதவங்களுக்காக ஒரு விஷயம். காலண்டர்ல சாமி படம் ஒண்ணுதான், கீழ பேர் போடுற கடைதான் நூத்துக்கணக்கு. ஒரே லட்சுமி படத்தை ஜவுளிக்கடைக்காரரும் கேப்பார், அரிசி மண்டிக்காரரும் கேப்பார். ஒவ்வொரு ஃபைலுக்குள்ளயும் படத்தைத் திணிச்சா கட்டுப்படியாகாது, ஒரு படமே 300, 400 எம்பி வரும். அதனால படத்தை ஒரே இடத்துல வச்சுக்கிட்டு இன்டிசைன்ல (பக்கம் லே-அவுட் பண்ற மென்பொருள்) லிங்க் கொடுத்திருக்கோம்.

அந்த ‘ஒரே இடம்’தான் தலைவலி. மூணாம் நம்பர் சிஸ்டத்தோட டி டிரைவ்ல இருக்கு. அதுல உக்காந்து வேலை பாக்குறவருக்கு பாதை டி:\வேலை\சாமிபடம். பக்கத்து சீட்ல அதே ஃபோல்டர் எச் டிரைவ். ஜன்னலோரம் இசட். இன்னொருத்தர் எழுத்தே வைக்கல, \\192.168.1.7\வேலை னு நேரா திறந்து டெஸ்க்டாப்ல ஷார்ட்கட் போட்டு வச்சிருக்கார். ஒருத்தர் போட்ட லே-அவுட்டை இன்னொருத்தர் திறந்தா லிங்க் பேனல் முழுக்க சிவப்பு வட்டத்துல கேள்விக்குறி. ஒவ்வொண்ணா ரீலிங்க் பண்ணி சேவ் பண்றார். திரும்ப அது முதல் ஆள்கிட்ட வந்தா அவருக்கு சிவப்பு. இப்படியே பந்தாடிக்கிட்டு இருக்கு.

இதுல என்ன ஆபத்துன்னா, லிங்க் அறுந்திருந்தாலும் திரையில படம் தெரியும். சின்ன ப்ரிவியூ உள்ளயே இருக்கும்ல, அது. எச்சரிக்கை வரும்போது அவசரத்துல ஓகே அடிச்சுட்டா பிடிஎஃப்லயும் அந்த மங்கலான ப்ரிவியூதான் போகும். ஒரு தடவை பிளேட் போட்டு மிஷின்ல ஏத்தின பிறகு, மிஷின்மேன் அண்ணாச்சி முதல் தாளை எடுத்துப் பாத்து “என்னப்பா, அம்மன் முகம் கட்டம் கட்டமா இருக்கு”ன்னு நிறுத்தினார். ஓட விட்டிருந்தா தாளும் போச்சு, பேரும் போச்சு.

ஆடிப்பெருக்குக்குப் புது ஆல்பம் வெளிய வரணும், அப்புறம் பொங்கல் வரைக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. அதுக்குள்ள இதைச் சரி பண்ணணும். ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்ல எல்லாரும் பொதுவா ஃபைல் வைக்கிற பெட்டி) வாங்கியாச்சு, நாலு டிஸ்க். எல்லாத்தையும் அதுல மாத்தப்போறோம். மாத்துறதோட மாத்துறதா பாதையையும் ஒழுங்கு பண்ணிரலாம்னு.

கேக்க வேண்டியது: எல்லாருக்கும் ஒரே எழுத்து வைக்கிறதா, இல்ல எழுத்தே இல்லாம \\ போட்டுப் போறதா? மேக்ல டிரைவ் எழுத்தே கிடையாதே, அதை எப்படி இதுக்குள்ள கொண்டு வர்றது? அப்புறம் நாலஞ்சு வருஷத்து பழைய ஃபைல் எல்லாம் டி, எச், இசட்னு பாதை எழுதி வச்சிருக்கே, வருஷா வருஷம் அதைத்தான் திறந்து தேதி மாத்துவோம், அதுக்கு என்ன வழி?

பி.கு.: பாதையெல்லாம் இங்க தமிழ்ல எழுதியிருக்கேன். சிஸ்டத்துல இங்கிலீஷ் எழுத்துதான்.

வயர்மேன் (கோவை)

வணக்கங்க. சின்ன ஆபீஸுகளுக்கு நெட்வொர்க் போட்டுத் தர்றதுதான் எனக்குப் பொழப்பு. நீங்க சொல்றது புதுசு இல்லைங்க, மில் ஆபீஸ்ல எக்ஸல், ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல ஆட்டோகேட், எல்லா இடத்துலயும் இதே கதைதான்.

என் ஓட்டு எழுத்துக்கு. எல்லா விண்டோஸ்லயும் ஒரே எழுத்து, ஒரே ஆழம். படம் பீரோவுல எந்தத் தட்டுல இருக்குதுன்னு டிசைனருக்குத் தெரிஞ்சா போதும், பீரோ எந்த ரூம்ல இருக்குதுன்னு லே-அவுட் ஃபைலுக்குத் தெரியவே கூடாதுங்க. இன்னைக்கு மூணாம் நம்பர் சிஸ்டம், நாளைக்கு நாஸ், அஞ்சு வருஷம் கழிச்சு வேற ஒண்ணு. எழுத்து மாறாம இருந்தா ஃபைலுக்கு எதுவும் தெரியாது.

எந்த எழுத்துன்னா, ஈ, எஃப், ஜி பக்கம் போகாதீங்க. பென்டிரைவ் சொருகினா விண்டோஸ் முன்னாடி இருந்து காலியா இருக்கற எழுத்தை எடுத்துக்கும். காலைல நெட்வொர்க் டிரைவ் இன்னும் ஒட்டாத நேரத்துல கஸ்டமர் பென்டிரைவ் சொருகினா உங்க எஃப் அவருக்குப் போயிருமுங்க. அப்புறம் ‘எஃப் டிரைவ்ல வேலை ஃபோல்டரைக் காணோம்’னு எனக்கு ஃபோன் வரும். பின்னாடி எழுத்தா எடுங்க. ஏற்கெனவே ஒருத்தர் இசட் வச்சிருக்கார்ங்கறதால நான் இசட்டையே எல்லாருக்கும் வைப்பேன். பாதி வேலை மிச்சம்.

ஒட்டறதைக் கையால செய்யாதீங்க. திஸ் பிசி, மேப் நெட்வொர்க் டிரைவ்னு ஒவ்வொரு சிஸ்டமா போய் கிளிக் பண்ணினா ஒருத்தருக்கு \\நாஸ்\வேலை, இன்னொருத்தருக்கு \\நாஸ்\வேலை\2025 னு ஒரு படி உள்ள போய் ஒட்டியிருக்கும். எழுத்து ஒண்ணு, பாதை ரெண்டு. கீழ இருக்கற கட்டளையை ஒரு சின்ன பேட்ச் ஃபைல்ல எழுதி எல்லா சிஸ்டத்துலயும் ஸ்டார்ட்டப் ஃபோல்டர்ல போட்டுருங்க:

நெட் யூஸ் இசட்: \\பண்டகம்\வேலை /பெர்சிஸ்டன்ட்:எஸ்

ஐபி நம்பரை எழுதாதீங்க. ரூட்டரை ஒரு நாள் யாராவது ரீசெட் பண்ணினா 192.168.1.7 இன்னொரு சிஸ்டத்துக்குப் போயிரும். நாஸுக்கு ரூட்டர்ல ஐபியை ரிசர்வ் பண்ணிருங்க, ஆனா கூப்பிடறது பேரை வச்சுத்தான். பேரும் கம்பெனி மாடல் பேரா வேண்டாம். ‘பண்டகம்’ மாதிரி எந்தப் பெட்டி வந்தாலும் பொருந்தற பேரா வைங்க.

பாஸ்வேர்ட் இல்லாம கெஸ்ட்டா திறந்து விடற பழக்கம் இருந்தா இதோட விட்டுருங்க. விண்டோஸ் 11-ல 24எச்2 அப்டேட் வந்த பிறகு கெஸ்ட் இணைப்பு சும்மா ஒட்டாது. ‘எஸ்எம்பி 1-ஐ (நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற பழைய முறை) ஆன் பண்ணுங்க, சரியாயிரும்’னு யாராவது சொல்லுவாங்க. அந்தப் பக்கமே போகாதீங்க. 2017 மே மாசம் வான்னாக்ரை வைரஸ் ஊரெல்லாம் பரவினது அந்த ஓட்டை வழியாத்தான். ஆளுக்கு ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்ட். அதுல இன்னொரு லாபமும் இருக்குதுங்க. சாமிபடம் ஃபோல்டரை டிசைனர்களுக்கு படிக்க மட்டும்னு வச்சு, கலர் பார்க்கற தம்பிக்கு மட்டும் எழுதற உரிமை கொடுங்க. லிங்க் அறுகறதுக்கு டிரைவ் எழுத்து மட்டும் காரணமில்லை. மவுஸ் பட்டன் கை வழுக்கி ஒரு ஃபோல்டர் இன்னொரு ஃபோல்டருக்குள்ள விழுந்து கிடக்கும், யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

ஆங், ஸ்விட்சையும் பாருங்க. கிகாபிட் ஸ்விட்ச், கேபிள் எல்லாம் சரியா இருந்தா நொடிக்கு 110 எம்பி கிட்ட வரும், உங்க 400 எம்பி படம் நாலு நொடி. பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஒண்ணு நடுவுல மாட்டியிருந்தா அதே படம் அரை நிமிஷத்துக்கு மேல. அப்போ டிசைனர் என்ன பண்ணுவார்? படத்தை டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணி அங்கிருந்து லிங்க் கொடுப்பார். முடிஞ்சுது கதை.

வவுச்சர் (திருச்சி)

ஆடிட்டர் ஆபீஸில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். வயர்மேன் சார் சொல்வதில் பாதிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எழுத்து என்பது அந்தக் கம்ப்யூட்டரில், அந்த யூசர் உள்ளே நுழைந்த பிறகுதான் பிறக்கிறது. யாரும் லாகின் செய்யாமல் ராத்திரி தானாக ஓடுகிற வேலைக்கு உங்கள் இசட் டிரைவ் கண்ணிலேயே படாது. எங்கள் ஆபீஸில் பேக்கப் மென்பொருளை சர்வீஸாக ஓட விட்டு, எடுக்க வேண்டிய இடம் இசட்:\கணக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் வைத்துத் தந்தவர். பகலில் டெஸ்ட் செய்தபோது அவர் லாகினில் ஓடியது, நன்றாக ஓடியது. ராத்திரியில் ஓடியதெல்லாம் வெறும் ஃபோல்டர். வருமான வரி தாக்கல் நேரத்தில் ஒரு பழைய ஃபைலை மீட்கப் போனபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து மனிதர் திறக்கிற இடத்தில் எழுத்து, இயந்திரம் திறக்கிற இடத்தில் \\ போட்ட முழுப் பாதை என்று பிரித்துவிட்டோம்.

அதேபோல ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறக்கிற மென்பொருளுக்கும் சாதாரணமாக ஒட்டிய டிரைவ் தெரியாது. எக்ஸ்ப்ளோரரில் இசட் இருக்கும், அந்த மென்பொருளின் ஓப்பன் பெட்டியில் இருக்காது. பைத்தியம் பிடித்த மாதிரி இருக்கும். உங்கள் பிளேட் மென்பொருள், எழுத்துரு மேனேஜர் மாதிரி எதையாவது அட்மினாகத் திறக்கிறீர்களா என்று பாருங்கள்.

இன்னொன்று: டெஸ்க்டாப்பில் ஃபைல் வைக்கிற ஆசாமி எல்லா ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். டெஸ்க்டாப் என்று நாம் பார்க்கிற இடம் உண்மையில் சி:\யூசர்ஸ்\அவர் பெயர்\டெஸ்க்டாப். ஒன்டிரைவ் பேக்கப்பை ஒரு நாள் தெரியாத்தனமாக ஆன் செய்துவிட்டால் அது சி:\யூசர்ஸ்\அவர் பெயர்\ஒன்டிரைவ்\டெஸ்க்டாப் என்று மாறிவிடும். திரையில் ஐகான் அதே இடத்தில் இருக்கும், பாதை வேறு. டெஸ்க்டாப்பில் இருந்து லிங்க் கொடுக்கக் கூடாது என்பதைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

நாஸில் நாலு டிஸ்க் என்றீர்கள். ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு (பல டிஸ்கை ஒன்றாகச் சேர்த்து வைக்கிற அமைப்பு) காப்பாற்றும். ஒருவர் தெரியாமல் அழித்ததையோ வைரஸ் பூட்டியதையோ ரெய்டு காப்பாற்றாது, நாலிலும் சேர்ந்தே அழியும். ஸ்னாப்ஷாட் வசதி (ஃபைல்களின் அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) இருந்தால் முதல் நாளே போட்டுவிடுங்கள், வாரம் ஒருமுறை வெளி டிஸ்கில் எடுத்துக் கழற்றி வையுங்கள்.

வயர்மேன் (கோவை)

அக்கா சொல்றது சரிங்க, பேக்கப்புக்கு நானும் முழுப் பாதைதான் எழுதுவேன். டிசைனர் கையில மட்டும் எழுத்து. அவங்களுக்கு \\பண்டகம்\வேலை னு அடிக்கச் சொன்னா ஒருத்தர் பேரை வச்சு அடிப்பார், ஒருத்தர் ஐபியை வச்சு அடிப்பார். சர்வர் ஒண்ணுதான், ஆனா லே-அவுட் ஃபைலுக்கு அது ரெண்டு பாதை.

பழைய ஃபைல் பத்திக் கேட்டிருந்தீங்க, விட்டுப்போச்சு. எல்லாத்தையும் திறந்து ரீலிங்க் பண்ண உக்காராதீங்க. பழைய பாதையைக் கொல்லாம புது இடத்துக்குத் திருப்பி விட்டாப் போதும்.

எச் எழுத்துக்கு வழி சுலபம். இசட் எங்க ஒட்டியிருக்குதோ அதே இடத்துக்கு எச்சையும் ஒட்டிருங்க. ஒரே ஷேர் (பகிர்ந்து வச்ச ஃபோல்டர்), ரெண்டு எழுத்து, தப்பே இல்லை. டி:\வேலை தான் கொஞ்சம் வேலை வைக்கும், ஏன்னா எல்லா சிஸ்டத்துலயும் சொந்தமா ஒரு டி இருக்கும். அதுக்கு சிம்பாலிக் லிங்க். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல:

எம்கேலிங்க் /டி டி:\வேலை \\பண்டகம்\வேலை

இப்போ டி டிரைவ்ல ‘வேலை’னு ஒரு ஃபோல்டர் இருக்கற மாதிரித் தெரியும், ஆனா உள்ள போனா நாஸ். டி:\வேலை\சாமிபடம் னு எழுதி வச்ச பழைய ஃபைல் எந்த சிஸ்டத்துல திறந்தாலும் படம் கிடைக்கும். இதுல /ஜே போடற ஜங்ஷன் உதவாதுங்க, அது அதே சிஸ்டத்துக்குள்ள மட்டும். நெட்வொர்க்குக்கு /டி தான். மூணாம் நம்பர் சிஸ்டத்துல மட்டும் நிஜ ‘வேலை’ ஃபோல்டரை முதல்ல ‘வேலை_பழசு’ன்னு பேர் மாத்திட்டு அப்புறம் லிங்க் போடுங்க. நாஸுக்கு எல்லாம் சரியா போய்ச் சேந்துச்சான்னு பாக்கற வரைக்கும் பழசை அழிக்காதீங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த லிங்க் ஃபோல்டரை அப்படியே டெலீட் பண்ணினா லிங்க் மட்டும் போகும். உள்ள நுழைஞ்சு எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டெலீட் அடிச்சா நாஸ்ல இருக்கறதுதான் போகும், அதுவும் ரீசைக்கிள் பின்னுக்கு வராம. டி டிரைவ்ல இடம் இல்லைன்னு சுத்தம் பண்ணற ஆளுகிட்ட இதை முன்னாடியே சொல்லிருங்க.

\\192.168.1.7 னு எழுதின ஃபைலுக்கு? மூணாம் நம்பர் சிஸ்டத்துக்கு வேற ஐபி கொடுத்துட்டு அந்த 7-ஐ நாஸுக்குக் கொடுத்து, ஷேர் பேரும் ‘வேலை’ன்னே வச்சுட்டா அதுவும் தானா திறக்கும். ரிசர்வ் பண்றதுதான் பண்றீங்க, 7-ஐயே பண்ணுங்க.

காலண்டர்காரன் (சிவகாசி)

ரெண்டு பேருக்கும் நன்றி. 7-ஐ நாஸுக்கே கொடுக்கிற யோசனை நமக்குத் தோணவே இல்ல. ஸ்விட்சையும் பாத்தேன் அண்ணாச்சி. நாலு சிஸ்டம் ஒரு சின்ன ஸ்விட்ச் வழியா வருது, மேல 10/100 னு எழுதியிருக்கு. டெஸ்க்டாப்ல காப்பி பண்றது யாருன்னு தேடினா அந்த நாலு பேர்தான்!

மேக் பத்தி யாரும் சொல்லலையே? தம்பி லே-அவுட்டைத் திறந்தா முழுக்க சிவப்பு. அவர் ‘ரீலிங்க் டு ஃபோல்டர்’ போட்டு மொத்தமா சரி பண்ணிடறார், ஒரு நிமிஷ வேலை. அதைத் திரும்ப விண்டோஸ்ல திறந்தா எல்லாம் சிவப்பு. இன்னொரு கூத்து, நாஸுக்கு கொஞ்சம் படம் காப்பி பண்ணிப் பாத்தப்போ ஒரே ஃபோல்டர்ல ‘கோமாதா’ன்னு ரெண்டு ஃபைல் நிக்குது. எழுத்து ஒண்ணு, எக்ஸ்டென்ஷன் ஒண்ணு. ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருக்க முடியாதுன்னுதானே படிச்சோம்?

கொம்புக்கால் (சென்னை)

பத்திரிகை லே-அவுட்டில் மேக்கும் விண்டோஸும் கலந்த அறையில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் கோமாதா. அவை ஒரே பெயர் இல்லை, உங்கள் கண்ணுக்குத்தான் ஒன்று. ‘கோ’வில் இருக்கிற ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். முழுக் குறியையும் ஒரே எழுத்தாக வைப்பது ஒன்று. இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாக அடுத்தடுத்து வைப்பது இன்னொன்று. விண்டோஸில் தட்டினால் பெரும்பாலும் முதல் விதம். மேக் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்கில் பெயரைப் பிரித்துத்தான் எழுதி வைக்கும். இப்போதைய ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும், தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். நாஸில் இருப்பது லினக்ஸ். அதற்கு பைட் மாறினால் ஃபைல் வேறு, அவ்வளவுதான். தம்பி பழைய வெளி டிஸ்கில் இருந்து கொண்டுவந்த கோமாதா ஒன்று, விண்டோஸில் இருந்து போன கோமாதா ஒன்று. கொ, கோ, கௌ வருகிற எல்லாப் பெயரிலும் இது வரும். கோபுரம், கோலம், கொலு, யோக நரசிம்மர், உங்கள் தொழிலில் இதற்குப் பஞ்சமே இல்லை.

ஸ்ரீ இன்னும் மோசம். ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்த்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். சிவகாசியில் எந்தக் கடைப் பெயர் ஸ்ரீ இல்லாமல் தொடங்குகிறது? தேடினால் பாதி வரும், பாதி வராது.

நீளமும் ஒரு பிரச்சினை. விண்டோஸில் பழைய மென்பொருள்களுக்கு முழுப் பாதையும் 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் 2016-க்குப் பிறகு அதைத் தளர்த்த வழி உண்டு, ஆனால் மென்பொருளும் ஒத்துழைக்க வேண்டும். அந்தக் கணக்கில் புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்து. ‘முருகன்’ நமக்கு நாலு, அதற்கு ஏழு. நாஸ் பக்கம் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் இடம், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட். அதாவது 85-க்கு மேல் தாண்ட முடியாது. ‘ஸ்ரீ லட்சுமி நாராயணா ஸில்க்ஸ் தினசரி காலண்டர் இறுதி திருத்தம் புதியது’ என்று பெயர் வைக்கிற ஆள் உங்களிடமும் இருப்பார். இன்னும் நாலைந்து சொல் சேர்த்துவிட்டு, நாஸுக்கு காப்பி ஆகவில்லை என்று நிற்பார்.

தமிழ் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, பிழைப்பே அதுதான். ஆனால் லிங்க் கொடுக்கிற படத்துக்கும் அதற்கு மேலே இருக்கிற ஃபோல்டருக்கும் ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு இவை மட்டும் போதும். கடைப் பெயரைப் பாதையிலேயே வைக்காதீர்கள். ஆர்டர் எண்ணை வையுங்கள், எந்த எண் எந்தக் கடை என்பது பில் போடுகிற சிஸ்டத்துக்குத் தெரியும். மேக்கில் பெயருக்குள் சாய்கோடு போடுவது, கடைசியில் ஒரு இடைவெளி விடுவது எல்லாம் விண்டோஸில் போய்க் கழுத்தை அறுக்கும். அதையும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது மேக்கின் பாதை. நாஸின் ஷேர் அங்கே /வால்யூம்ஸ்/வேலை என்று வந்து உட்காரும். அதை இசட்டாக ஆக்க முடியாது. போதாக்குறைக்கு, இணைப்பு அறுந்து பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடி ஒட்டினால் /வால்யூம்ஸ்/வேலை-1 என்று வரும். ஃபைண்டரில் பெயர் ‘வேலை’ என்றே தெரியும், லிங்க் மட்டும் அறுந்திருக்கும். மேக்கில் திடீரென்று எல்லாம் சிவப்பானால் முதலில் இதைப் பாருங்கள்.

அப்போது என்ன செய்வது? என் யோசனை பாதையைப் பற்றியதே இல்லை. தம்பி லே-அவுட்டைத் திறக்க வேண்டாம். அவர் வேலை படம். சாமிபடம் ஃபோல்டருக்குப் போய் போட்டோஷாப்பில் திறந்து, கலர் சரி செய்து, அதே பெயரில் அதே இடத்தில் சேவ் செய்யட்டும். விண்டோஸில் லே-அவுட் வைத்திருப்பவருக்கு மஞ்சள் முக்கோணம் வரும், அப்டேட் கொடுத்தால் தீர்ந்தது. பக்கத்தைப் பார்த்தால்தான் கலர் பிடிபடும் என்றால் அவருக்கு ஒரு பிடிஎஃப் அனுப்புங்கள். நாங்கள் ரீலிங்க் ஸ்கிரிப்ட் எல்லாம் எழுதிப் பார்த்து, கடைசியில் இந்தப் பிரிவினையில்தான் வந்து நின்றோம். மேக்கில் திறந்தே தீர வேண்டிய லே-அவுட் ஏதாவது இருந்தால் அதை மட்டும் பேக்கேஜ் செய்யுங்கள். லிங்க்ஸ் ஃபோல்டர் ஃபைலுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும், எங்கே கொண்டுபோய்த் திறந்தாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எல்லா ஆர்டரையும் பேக்கேஜ் செய்யாதீர்கள், ஒரே லட்சுமி நூறு இடத்தில் உட்கார்ந்து நாஸ் நிரம்பிவிடும்.

காலண்டர்காரன் (சிவகாசி)

கொம்புக்கால் சார், தம்பிகிட்ட சொன்னேன், “லே-அவுட் திறக்க வேண்டாமா, நல்லதாப் போச்சு”ங்கிறார். அவருக்கும் அது பிடிக்காத வேலைதான் போல.

இப்போ நிலவரம்: நாஸுக்கு 7-ஆம் நம்பர் ஐபி, பேர் பண்டகம், ஷேர் வேலை. ஆறு டிசைன் சிஸ்டத்துலயும் இசட், எச் ரெண்டும் பேட்ச் ஃபைல் வழியா ஒட்டுது, டி:\வேலை லிங்க்கும் போட்டாச்சு. 2022 ஃபைல் ஒண்ணைத் திறந்தேன், ஒரு சிவப்புகூட இல்ல. ஃபோல்டர் அமைப்பு இசட்:\2026\ஆர்டர் எண், அவ்வளவுதான். சாமிபடத்துக்குள்ள மட்டும் சாமி வாரியா பிரிச்சு, ஒவ்வொரு படத்துக்கும் ஆல்பம் நம்பரையே பேரா வச்சிட்டோம். கடைக்காரங்களும் ஆல்பத்தைப் புரட்டி “412 போடுங்க”ன்னுதான் சொல்றாங்க, லட்சுமின்னு சொல்றதில்ல. பழைய தமிழ்ப் பேர் படங்களைத் தொடல. பழைய ஃபைல் கேக்கும், இருக்கட்டும். ஸ்விட்சும் மாத்தியாச்சு.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. பில் போடுற சிஸ்டத்துல மட்டும் இசட் ஒட்டல. ‘ஒண்ணுக்கு மேற்பட்ட யூசர் பேர்ல ஒரே சர்வருக்கு இணைக்க முடியாது’ங்கிற மாதிரி 1219 னு பிழை வருது. பாஸ்வேர்ட் சரிதான், அதே யூசர் வேற சிஸ்டத்துல நல்லா ஒட்டுது.

வயர்மேன் (கோவை)

அந்த சிஸ்டத்துல யாரோ ஏற்கெனவே வேற யூசர் பேர்ல நாஸை ஒரு தடவை திறந்திருக்காங்க. நாஸ் வந்த அன்னைக்கு அட்மின் பேர்ல திறந்து பாத்திருப்பீங்க. ஒரே லாகின்ல ஒரே சர்வர் பேருக்கு ரெண்டு யூசர் விண்டோஸ் விடாதுங்க.

‘நெட் யூஸ்’னு மட்டும் அடிச்சா என்னென்ன ஒட்டியிருக்குதுன்னு பட்டியல் வரும். எழுத்து இல்லாம \\பண்டகம்\ஐபிசி$ னு ஒரு வரி நிக்கும், அதுதான் ஆளு. ‘நெட் யூஸ் \\பண்டகம்\ஐபிசி$ /டெலீட்’ அடிங்க. நாஸோட வேற ஷேர் ஏதாவது பட்டியல்ல இருந்தா அதையும் அதே மாதிரி டெலீட் பண்ணிருங்க. அப்புறம் கன்ட்ரோல் பேனல்ல கிரெடென்ஷியல் மேனேஜர் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்ல பண்டகம் பேர்ல சேவ் ஆகியிருக்கற அட்மின் பாஸ்வேர்டைத் தூக்கிருங்க. இல்லாட்டி ரீஸ்டார்ட் பண்ணினதும் திரும்ப வந்து நிக்கும். லாக்அவுட் பண்ணி உள்ள வந்து பேட்ச் ஃபைலை ஓட்டுங்க.

ஐபியை வச்சு ஒட்டினா இந்தப் பிழை வராது, விண்டோஸ் அதை வேற சர்வர்னு நினைச்சுக்கும். நெட்ல தேடினா அந்தக் குறுக்கு வழியைத்தான் முதல்ல சொல்லுவாங்க. பில் சிஸ்டத்துல அதைச் செய்யாதீங்க, அங்க இருந்துதான் எக்ஸல்ல ஆர்டர் எண்ணுக்கு லிங்க் போடுவீங்க.

காலண்டர்காரன் (சிவகாசி)

ஐபிசி$ தான் அண்ணாச்சி. அட்மின் பேர்லதான் நின்னுச்சு, எடுத்து விட்டதும் ஒட்டிருச்சு. அட்மின் பாஸ்வேர்டையும் மாத்தியாச்சு. வவுச்சர் அக்கா, பேக்கப் \\ போட்ட பாதையிலதான் ஓடுது. இன்னைக்குக் காலைல வெளி டிஸ்க்ல இருந்து ஒரு படத்தை மீட்டு எடுத்தே பாத்துட்டேன், முழு சைஸ்ல வந்துச்சு.

இதே அமைப்பு வேணும்ங்கிறவங்க யாராவது கேட்டா பேட்ச் ஃபைலை இங்க அப்படியே போடுறேன்.